அண்ணன் பேரெஸ் ஆன கதை

பாரிசில், தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் என் அண்ணன் ஒரு ஸ்பானியர். நான் சொல்லவில்லை, அவரே சொல்வார். முருங்கைக்காயை நிறுத்துக் கொடுத்தபடி, கேட்ட வாடிக்கையாளருக்கும் சொல்வார், கேட்காதவருக்கும் சொல்வார். தேர் வருகிற நாளில் கடைவாசலைக் கழுவி, மஞ்சள் தெளித்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தேங்காய் உடைக்கிற ஸ்பானியர் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருக்கமுடியும்.

அவரை இங்கே மரியாதையாக 'அவர்' என்றுதான் எழுதப்போகிறேன். வளர்ப்பு அப்படி. அதற்குமேல் அவருக்கு என்னிடமிருந்து மரியாதை எதுவும் கிடைக்காது.

பேரெஸ் என்ற பெயர் எங்கள் குடும்பத்துக்குள் வந்த விதம் எனக்குத் தெரியும். அவரே ஒருகாலத்தில் தொலைபேசியில் விழுந்து விழுந்து சிரித்துச் சொன்னதுதான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பாரிசுக்கு வந்து இறங்கி, அகதிகளைப் பதிகிற ஏதோ ஒரு அரசாங்கக் கந்தோரில் வரிசையில் நின்றிருக்கிறார். மொழிபெயர்ப்பவர் அன்றைக்கு வரவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் பெயரைக் கேட்டிருக்கிறாள். 'நோம்' என்றால் பெயர் என்பது மட்டும் அண்ணனுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கேட்டால் எப்படிச் சொல்வோமோ அப்படியே கையைக் கட்டிக்கொண்டு, "பேர், எஸ்" என்று தொடங்கி, பிறகு தன் பெயரைச் சொல்லியிருக்கிறார். எஸ் என்பது எங்கள் ஐயாவின் பெயரின் முதலெழுத்து. முன்னெழுத்தைச் சொல்லாமல் பெயரைச் சொன்னால் தகப்பன் இல்லாத பிள்ளை மாதிரி அல்லவா?

அந்தப் பெண்ணுக்குக் கேட்டது "பேரெஸ்". அவளுக்கு நன்றாகப் பழக்கமான பெயர். இந்த நாட்டில் பேரெஸ்கள் நிறையப் பேர் உண்டு. வாய்க்குள் நுழையாத ஒரு பெயரைத் தேடிப் போராடத் தயாராக இருந்தவளுக்கு, இப்படி ஒரு லேசான குடும்பப் பெயர் கிடைத்ததில் ஆறுதல். சிரித்த முகத்தோடு எழுதிக்கொண்டாள். அண்ணனும் சிரித்த முகத்தோடு கையெழுத்து வைத்தார். கொஞ்ச நாள் கழித்து அட்டை கையில் வந்தபோதுதான், தான் யாரென்று அவருக்குத் தெரியவந்தது.

இதில் அவரைப் பழிக்க ஒன்றுமில்லை. அந்தக் காலத்தில் வந்தவர்களில் ஊர்ப்பெயர் குடும்பப் பெயராகிப் போனவரையும், பெண்சாதிக்கு மாமனார் பெயர் ஒட்டிக்கொண்டவரையும் எனக்குத் தெரியும். அவர்கள் எல்லாரும் தலையில் அடித்துக்கொண்டு, திருத்தவேண்டியவர்கள் திருத்தி, முடியாதவர்கள் சகித்துக்கொண்டு போனார்கள். அதை ஒரு வம்சமாக்கிக் கொண்டாடியவர் எங்கள் அண்ணன் ஒருவர்தான்.

முதலில் அது வசதிக்காகத்தான் இருந்தது. வீடு பார்க்கத் தொலைபேசி எடுத்து "முசியூ பேரெஸ்" என்றால் மறுமுனையில் குரல் குழையும். நேரில் போனால் கதவைத் திறப்பவரின் முகத்தில் ஒரு சின்னத் தடுமாற்றம் வரும். அண்ணனின் தோளுக்குமேலால் எட்டி, பின்னால் வரும் உண்மையான பேரெஸ்ஸைத் தேடுவார்கள். அதற்குள் அண்ணன் வாசலுக்குள் காலை வைத்துவிடுவார். பாரிசுக்கு வெளியே சார்செலில் வீடும் லா சப்பலில் கடையும் அப்படி எடுத்தவைதான். பெயரைக் கேட்டுக் கதவைத் திறந்து முகத்தைப் பார்த்துத் திகைக்கிறவர்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல. அவர்களை அண்ணன் ஏமாற்றியதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்த பிறகுதான் விசர் முற்றியது. நான் போர் முடிவதற்குச் சற்று முன்னால் வந்து சேர்ந்து அவர் வீட்டில் தங்கியபோது, கடைப்பலகையில் கொட்டை எழுத்தில் பேரெஸ் என்று இருந்தது. உள்ளே பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில், அதே அளவுச் சட்டத்தில், ஒரு கேடயப் படம். இணையத்தில் குடும்பப் பெயரைக் கொடுத்தால் தோற்றம், வரலாறு, பெருமை எல்லாவற்றையும் பழுப்பேறிய மாதிரித் தாளில் அச்சடித்து அனுப்புகிறார்களே, அந்தச் சாமான். நடுவில் ஒரு மரம், இரண்டு பக்கமும் சிங்கம். கீழே ஸ்பானிய மொழியில் நாலு வரி. அதில் ஒரு சொல்கூட அவருக்கு விளங்காது, எனக்கும் விளங்காது.

"என்ன அண்ணை உது?" என்றேன்.

"எங்கட குடும்பச் சின்னமடா" என்றார். சிரிப்பார் என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை.

சிங்கத்தால் வந்த வினையைச் சொல்லவேண்டும். அந்த வருடம் லா சப்பலில் சனம் இருந்த நிலை எல்லாருக்கும் தெரியும். ஊரில் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று தெரியாமல் ஒவ்வொருவரும் தொலைபேசியோடு அலைந்துகொண்டிருந்தார்கள். அப்படியொரு நாளில் மா வாங்க வந்த ஒரு அம்மா நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். "தம்பி, உமக்கு வெக்கம் இல்லையே? எங்கட சனத்தை அங்கை அழிச்சுக்கொண்டிருக்கிறாங்கள், நீர் இஞ்சை அவங்கட கொடிச் சிங்கத்தைக் கொழுவி வைச்சிருக்கிறீர்!" என்று மாவை அப்படியே வைத்துவிட்டுப் போனார். இரண்டு மூன்று பேர் இப்படிப் போனதும் அண்ணன் பயந்துவிட்டார். படத்தைக் கழற்றினாரா? இல்லை. பிள்ளையாருக்குப் போடுகிற பிளாஸ்டிக் மாலையில் இரண்டை எடுத்து, சிங்கங்கள் மறையும்படி அதற்குப் போட்டார். புதிதாக வந்தவர்கள் அது ஏதோ செத்துப்போனவரின் படம் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

அவருடைய வரலாற்றாய்வு இப்படிப் போகும். ஸ்பெயினிலிருந்து ஒரு கப்பல் வந்தது. பருத்தித்துறைக்குக் கிட்ட உடைந்தது. நீந்திக் கரையேறியவர் எங்கள் பாட்டனின் பாட்டன். ஆதாரம் என்ன? "நாங்கள் குசினி எண்டுறம், அலுமாரி எண்டுறம், கதிரை எண்டுறம், சப்பாத்து எண்டுறம். இந்தியாக்காரன் சொல்லுறானே? ரத்தத்தில கிடக்கடா." அந்தச் சொற்கள் போர்த்துக்கேயரிடமிருந்து வந்தவை, போர்த்துக்கேயர் வேறு ஸ்பானியர் வேறு என்று சொன்னால், "ரெண்டும் பக்கத்து வளவுதானே" என்பார். கதிரையில் இருக்கிறவன் எல்லாம் ஸ்பானியன் என்றால், யாழ்ப்பாணத்தில் நிலத்தில் சப்பாணி கட்டி இருந்தவர்கள் மட்டும்தான் தமிழர்.

அண்ணன் குடும்பம் குடியிருந்த சார்செல் மாடிக்கட்டடத்தில் தபால் பெட்டிகளில் மூன்று பேரெஸ் இருந்தார்கள். ஒருவர் எங்கள் அண்ணன். இரண்டாவது, மொரோக்கோவிலிருந்து வந்த ஒரு யூதக் குடும்பம். மூன்றாவது, தனியாக இருந்த ஒரு மூதாட்டி. கடிதங்கள் பெட்டி மாறி விழும். மாறி வந்ததைத் திருப்பிக் கொடுக்கப் போகிற சாக்கில், அரைகுறைப் பிரெஞ்சில் நான் அந்தப் பேரெஸ்களோடு பேசப் பழகினேன்.

யூதக் குடும்பத்தவர் தங்கள் பெயர் எபிரேய மொழியிலிருந்து வந்தது, உடைத்துக்கொண்டு வெளியே வருவது என்று பொருள், ஸ்பானியர்களின் பெயருக்கும் தங்கள் பெயருக்கும் ஒலி ஒற்றுமை மட்டும்தான் என்றார்கள். இதை அண்ணனிடம் சொன்னேன். ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு, "அப்ப நாங்கள் அந்தப் பக்கமாயும் இருக்கலாம்" என்றார். மனிதருக்கு எந்தப் பக்கமாக இருந்தாலும் சரி, ஐயாவின் பக்கமாக இல்லாவிட்டால் போதும்.

மூதாட்டி உண்மையான ஸ்பானிய பேரெஸ். அவருடைய தகப்பன் தங்கள் நாட்டுப் போரில் தோற்ற பக்கத்தில் நின்றவர், மலையைக் கால்நடையாகக் கடந்து பிரான்சுக்குள் வந்தவர். வந்தவர்களைக் கடற்கரை மணலில் கம்பிவேலி அடித்து வைத்திருந்தார்களாம். நான் கேடயத்தையும் சிங்கத்தையும் பற்றிக் கேட்டபோது அவர் இருமல் வரும்வரை சிரித்தார். தன் தகப்பனுக்கு இருந்த ஒரே மிருகம் ஒரு கழுதை, அதையும் மலைக்கு அந்தப் பக்கமே விட்டுவிட்டு வந்தார் என்றார்.

பெயரின் கதையை அவர்தான் எனக்குச் சொன்னார். பெத்ரோ என்ற பெயரைப் பழைய காலத்தில் பேரோ என்பார்களாம். கடைசியில் வருகிற 'எஸ்' என்ற ஒலிக்கு 'இன்னாரின் மகன்' என்று பொருள். பேரோவின் மகன் பேரெஸ். அவ்வளவுதான். பட்டமும் இல்லை, பதவியும் இல்லை. ஆதியில் அது தலைமுறைக்குத் தலைமுறை மாறிக்கொண்டிருந்தது. பேரோவின் மகன் மார்த்தீன் என்றால் மார்த்தீனின் பிள்ளைகளுக்கு வேறு பெயர். பிறகு எப்போதோ அந்த வழக்கம் நின்று, யாருக்கு எந்தப் பெயர் இருந்ததோ அதுவே பரம்பரைக்கும் என்று உறைந்துபோயிற்று. பேரோக்கள் நிறைய இருந்ததால் பேரெஸ்களும் நிறைய. ஸ்பெயினிலும் அவர்கள் கடல் கடந்து பிடித்த நாடுகளிலும் தடுக்கி விழுந்தால் ஒரு பேரெஸ்ஸின் காலில்தான் விழவேண்டும் என்கிற அளவுக்கு. அல்ஜீரியாவில் குடியேறிப் பிறகு பிரான்சுக்கு வந்தவர்களிலும் ஏராளம்.

எனக்கு அன்றைக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமல்ல. உலகத்திலேயே, தகப்பன் பெயரைச் சுமப்பதற்காக மட்டும் உண்டான ஒரு பெயரை எடுத்து, இந்த மனிதர் தகப்பனை மறைப்பதற்குப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்.

ஐயா அப்போது வவுனியாவில், போரில் தப்பியவர்களை அடைத்துவைத்த முகாமில் இருந்தார். அம்மா முன்னரே போய்விட்டார். இலங்கைப் போக்குவரத்துச் சபை பஸ்ஸில் கொண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர் ஐயா. நாக்கு சவரக்கத்தி மாதிரி. ஏறுகிறவன் இறங்குகிறவன் எல்லாரிடமும் வாய் கொடுத்துப் பழகியவர். முகாமிலிருந்து வெளியே விட்ட பிறகு ஒரு தூரத்து உறவினர் வீட்டில் ஓர் அறையில் இருந்தார். ஒரு கண்ணில் பார்வை மங்கிக்கொண்டு வந்தது. பேசும்போதெல்லாம் குளிரைப் பற்றித்தான் கேட்பார். "கடையில இருக்கிறதுக்கு ஒரு கதிரை கிடக்கோ மோனை? நான் ஒரு மூலையில இருந்து சனத்தைப் பாத்துக்கொண்டிருப்பன்" என்றார். கம்பளித் தொப்பி ஒன்றும் வாங்கி வைத்துவிட்டார்.

அவரை அழைக்கக்கூடியவர் அண்ணன் மட்டும்தான். என் அகதி வழக்கு இழுபட்டுக்கொண்டிருந்தது. எனக்கே இங்கே நிற்க உரிமை இல்லாதபோது நான் யாரை அழைப்பது? பிரெஞ்சுக் குடிமகன் தன்னை நம்பியிருக்கிற தாய் தகப்பனைக் கூப்பிடலாம். ஆனால் தகப்பன்தான் என்று காட்டவேண்டும். கடைக்குக் கிட்ட, மார்க்ஸ் டோர்மோயில் இருந்த ஒரு பெண் வழக்கறிஞரிடம் அண்ணனை இழுத்துக்கொண்டு போனேன். அவர் அண்ணனின் பிறப்புச் சான்றிதழையும் பிரெஞ்சு அடையாள அட்டையையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டு பேரும் ஒருவர்தான் என்று யாரும் நம்பமாட்டார்கள், முதலில் குடும்பப் பெயரைத் திருத்தக் கேளுங்கள், இழுபடும், ஆனால் நடக்கும் என்றார். அண்ணன் தலையை ஆட்டினார்.

படியில் இறங்கும்போதே தலையாட்டல் நின்றுவிட்டது. "கடைப் பலகை, பாங்க், பிள்ளையளின்ர பள்ளிக்கூடம், எல்லாம் மாத்தவேணும். லேசான அலுவலே?"

"ஐயா வரட்டும் அண்ணை. பலகையைப் பிறகு பாப்பம்."

"உனக்கு விளங்காது. இஞ்சை அந்தப் பேருக்கு ஒரு மதிப்புக் கிடக்கு."

"ஐயான்ர பேருக்கு?"

அண்ணன் மெட்ரோப் படியில் இறங்கினார். அண்ணி வீட்டில் எத்தனையோ தரம் கேட்டுப் பார்த்தார், "மாமாவைக் கெதியாக் கூப்பிடுங்கோ, மனிசனுக்கு வயசு போகுது" என்று. "ஓம், ஓம்" என்பார். அவருடைய ஓம் எனக்குத் தெரியும். நாளைக்கு வெங்காயம் வரும் என்று வாடிக்கையாளருக்குச் சொல்கிற அதே ஓம்தான்.

அந்த மூதாட்டிகூட ஒருநாள் மின்தூக்கியில் அவரை மறித்தார். உங்கள் தகப்பன் முகாமில் இருந்தவராமே, என் தகப்பனும் இருந்தவர்தான், வெளியே வந்தபிறகு அவருக்கு வேண்டியிருந்தது ஒரு கதகதப்பான அறை மட்டும்தான், கெதியாகக் கூட்டிவாருங்கள் என்றார். அண்ணன் அவருடைய கையைப் பிடித்து, தங்கள் இரண்டு குடும்பங்களும் ஒரே ஊராக இருக்குமோ என்று கேட்டார். அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வையை என்னால் மறக்கமுடியாது. நான் நிலத்தைப் பார்த்தேன்.

கடைசியில் அண்ணன் ஒரு வழி கண்டுபிடித்தார். அது அவரால் மட்டுமே கண்டுபிடிக்கக்கூடிய வழி. தன் பெயரை மாற்றுவதற்குப் பதிலாக ஐயாவின் பெயரை மாற்றிவிடுவது! வவுனியாவில் ஒரு சட்டத்தரணியைப் பிடித்து, 'எனக்குப் பேரெஸ் என்றும் ஒரு பெயர் உண்டு, பிறந்ததிலிருந்தே அப்படித்தான் அழைக்கப்படுகிறேன்' என்று ஐயா ஒரு சத்தியக்கடதாசி முடித்துவிட்டால், தகப்பனும் பேரெஸ், மகனும் பேரெஸ், அலுவல் முடிந்தது. இதை அவர் கடையில் வைத்து, தொலைபேசியை எல்லாருக்கும் கேட்கும்படி போட்டுவிட்டு ஐயாவுக்கு விளக்கினார். ஒரு தகப்பனிடம் போய், 'உங்கள் பெயரைவிட்டு என் பெயரை வைத்துக்கொள்ளுங்கள்' என்று சொல்ல எவ்வளவு தடித்த தோல் வேண்டும்!

ஐயா முழுவதையும் கேட்டார். பிறகு கேட்டார், "அது ஆற்ற பேர் மோனை?"

"எங்கட குடும்பப் பேர்தான் ஐயா. ஸ்பானியப் பேர்."

"என்ர அப்பன் செத்து நாப்பது வருசம். எனக்கு இனிப் புதுசா ஒரு அப்பன் வேண்டாம். உனக்கு வேணுமெண்டால் நீ வைச்சிரு. ரிக்கற் எடுத்தவன் இருக்கட்டும், எடுக்காதவன் இறங்கட்டும்." பஸ்ஸில் சொல்கிற அதே குரலில் சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தார். கடையில் வெண்டிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். அண்ணன் தராசைத் துடைக்கத் தொடங்கினார்.

அதன்பிறகும் பெயரைத் திருத்தவில்லை. ஒப்புக்கு ஒரு விண்ணப்பம் போட்டார். வழக்கறிஞர் சொன்னதுபோலவே, உறவு நிரூபிக்கப்படவில்லை என்று நிராகரித்தார்கள். "பாத்தியோ, அவங்கள் விடுறாங்கள் இல்லை" என்று கையை விரித்தபோது அவருடைய முகத்தில் இருந்தது கவலை அல்ல, நிம்மதி. அன்றைக்குத்தான் நான் சார்செல் வீட்டைவிட்டு வெளிக்கிட்டு, மார்க்ஸ் டோர்மோயில் நாலைந்து பேரோடு ஓர் அறையில் போய் இருந்தேன். உணவகத்தில் கோப்பை கழுவிய ஈரக் கையோடு ஒவ்வொரு கிழமையும் ஐயாவுக்குத் தொலைபேசி எடுப்பேன். வாய் அதே வாய்தான். ஆனால் முடிக்கும்போது குரலைத் தாழ்த்தி, "கொண்ணன் ஏதும் சொன்னவனே?" என்று அண்ணனைப் பற்றிக் கேட்பார். தன் பெயரை விட்டுத்தரமாட்டேன் என்றாரே தவிர, வரமாட்டேன் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

எனக்கு அகதி அட்டை கிடைத்தது. அதை வைத்துக்கொண்டு இலங்கைக்குப் போகமுடியாது. ஐயாவைத் திருச்சிக்கு வரவழைத்து அங்கே போய்ப் பார்க்கலாம் என்று பயணச்சீட்டுக்கு விலை விசாரித்துக்கொண்டிருந்த மாசி மாதத்தில் ஐயா அந்த உறவினர் வீட்டு அறையிலேயே போய்விட்டார். நான் உணவகக் குசினியில் நிலத்தில் குந்தியிருந்து அழுதேன். சமையல்காரர் அடுப்பை நிறுத்திவிட்டு வெளியே போய் நின்றார்.

எங்கள் ஆட்களுக்குச் சாவென்றால் மரண அறிவித்தல் வேண்டும். லா சப்பலில் ஒவ்வொரு கடைக் கண்ணாடியிலும் ஒட்டவேண்டும். அடுத்தநாள் காலையில் அண்ணன் என்னையும் கூட்டிக்கொண்டு அச்சகத்துக்குப் போனார். பல வருடங்களாக அவருடைய கடைத் துண்டுப் பிரசுரங்களை அச்சடித்துக் கொடுப்பவர்தான் அச்சகக்காரர். ஐயாவின் படத்தைப் போட்டு, இன்னாரின் அன்பு மகனும், இன்னாரின் அன்புக் கணவரும் என்று அடித்துக்கொண்டு வந்து, பாசமிகு தந்தையும் என்ற இடத்தில் அண்ணனின் பெயருக்குப் பின்னால் வழக்கம்போலப் பேரெஸ் என்று அடித்தார்.

அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்குக் கிட்டக் குனிந்தார். "இதென்ன பேரெஸ்? அதை எடும். எடுத்துப்போட்டு ஐயான்ர பேரைப் போடும்."

"கடையிலை அப்பிடித்தானே அண்ணை கிடக்கு?"

"விசரே உமக்கு? ஊர்ச்சனம் பாக்கிற நோட்டீஸ். ஆற்ற மோன் எண்டு தெரியவேண்டாமோ?"

அச்சகக்காரர் பேரெஸ்ஸை அழித்தார். அந்த இடத்தில் ஐயாவின் பெயரை முழுதாக அடித்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அண்ணன் அந்த வரியை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்து, திருப்தியோடு நிமிர்ந்து, என்னிடம் கேட்டார்.

"பிழை ஒண்டும் இல்லைத்தானே?"

"இல்லை அண்ணை" என்றேன். "இப்ப எல்லாம் சரி."